அந்தப்புரமே அரசவை: கென்ஜி என்னும் அரசியல்வாதி

1

ஜப்பானின் 'கென்ஜியின் கதை' பற்றிப் பேச்செடுத்தால் நம் வட்டாரத்தில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. இலக்கிய நண்பர்கள் 'உலகின் முதல் நாவல்' என்று தொடங்கி, உதிரும் பூ, இலையுதிர்கால நிலா, கண்ணீரில் நனைந்த சட்டைக்கை என்று உருக ஆரம்பித்துவிடுகிறார்கள். இயக்கத்து நண்பர்களோ 'ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு மைனரின் கதை. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய?' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு தரப்பும் ஒரு இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. கென்ஜி ஒரு காதலன், அவன் வாழ்க்கை ஒரு காதல் வாழ்க்கை, அரசியல் என்பது அந்தக் கதைக்கு வெளியே எங்கோ நடப்பது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

எனக்குச் சந்தேகம் உண்டு. கென்ஜி முழுநேர அரசியல்வாதி என்றே நான் வாசிக்கிறேன். காதல்கள் போக மிஞ்சிய நேரத்தில் அவன் அரசியல் செய்யவில்லை. எந்தப் பெண்ணை எந்த அறையில் வைப்பது, எந்தக் குழந்தையை யாருடைய குழந்தையாக வளர்ப்பது, எந்தப் பெண்ணை எந்த இளவரசனிடம் அனுப்புவது என்பதே அங்கே அரசியல். இதைப் பிரதியின்மீது நான் ஏற்றிச் சொல்லவில்லை. பிரதியின் கட்டமைப்பே இதுதான்.

ஜப்பானிய மொழி எனக்குத் தெரியாது. ஆர்தர் வேலி 1925க்கும் 1933க்கும் இடையில் வெளியிட்டது, சைடன்ஸ்டிக்கர் 1976இல் செய்தது, ராயல் டைலர் 2001இல் செய்தது ஆகிய ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகப் படித்தவன் நான். ஆகவே சொல்லழகைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. கதையின் எலும்புக்கூட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். எலும்புக்கூடு மொழிபெயர்ப்பிலும் எலும்புக்கூடுதான்.

2

கதை எழுதப்பட்ட 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய கியோத்தோவான ஹெய்யான் நகரில், சக்கரவர்த்தி ஆண்டார். ஆனால் ஆட்சி ஃபுஜிவாரா குலத்தின் கையில் இருந்தது. அவர்கள் படை திரட்டி அதைப் பிடிக்கவில்லை. மகளைச் சக்கரவர்த்திக்குக் கொடுப்பது, அவள் வயிற்றில் பிறக்கும் ஆண்குழந்தையைத் தாய்வீட்டில் வளர்ப்பது, அவன் சிறுவனாக இருக்கும்போதே அரியணையில் ஏற்றிவிட்டுத் தாய்வழித் தாத்தா பதிலாளராக உட்கார்ந்துகொள்வது, அவ்வளவுதான் சூத்திரம். ஃபுஜிவாரா நோ மிச்சினாகா தன் மகள் ஷோஷியை 999இல் இச்சிஜோ சக்கரவர்த்தியின் அரண்மனைக்கு அனுப்பினான். ஏற்கனவே தெய்ஷி என்ற பட்டத்தரசி இருக்க, 1000இல் ஒரு சக்கரவர்த்திக்கு இரண்டு பட்டத்தரசிகள் என்ற வழக்கமில்லாத ஏற்பாட்டைச் செய்து தன் மகளையும் உட்காரவைத்தான். 1008இல் பேரன் பிறந்தான். 1016இல் அந்தப் பேரன் சிறுவனாகவே சக்கரவர்த்தியானான், மிச்சினாகா பதிலாளரானான். 1018இல் அவனுடைய இன்னொரு மகள் அந்தப் பேரனுக்கே பட்டத்தரசியானாள். இந்த அரசில் கருப்பை என்பது ஓர் அரசு இயந்திரம். கோஷத்துக்காக இதைச் சொல்லவில்லை, நிர்வாக விவரமாகவே சொல்கிறேன்.

ஷோஷியின் பரிவாரத்தில் பணிபெண்ணாக இருந்தவர்தான் இந்தக் கதையை எழுதியவர். அவரது இயற்பெயர் உறுதியாகத் தெரியாது. முராசாகி என்பது அவர் படைத்த பாத்திரத்தின் பெயர்; ஷிகிபு என்பது அவர் அப்பா வகித்த பதவி சார்ந்த இலாகாவின் பெயர். அவர் பாத்திரங்களுக்கும் இதே கதிதான். ஃபுஜித்சுபோ என்றால் விஸ்டேரியா கொடி இருக்கும் அரண்மனைக் கட்டு. கிரிட்சுபோ என்பதும் முற்றத்து மரத்தை வைத்து அழைக்கப்படும் ஒரு கட்டுதான். பெண்ணுக்குப் பெயர் கிடையாது, அறை உண்டு. அந்த அறை சக்கரவர்த்தியின் படுக்கையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதில் அவள் அப்பாவின் அந்தஸ்து அடங்கியிருக்கிறது.

கென்ஜியின் அம்மா இருந்த கிரிட்சுபோ, சக்கரவர்த்தியின் இருப்பிடத்திலிருந்து ஆகத் தொலைவில் இருந்தது. அவளுடைய அப்பா இறந்துபோனவர். கேட்க நாதியில்லாதவள்மீது சக்கரவர்த்தி உயிரை வைத்துவிட்டார். ஒவ்வொரு முறை அழைப்பு வரும்போதும் மற்ற அரசிகளின் வாசல்களைக் கடந்துதான் அவள் போயாக வேண்டும். வழிநடைகளில் அசிங்கத்தைக் கொட்டிவைக்கிறார்கள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தி நடுவில் அவளைச் சிக்கவைக்கிறார்கள். கோகிடென் என்ற மூத்த அரசி, வலது அமைச்சரின் மகள், முதல் இளவரசனின் தாய், இந்த வதைக்கு முன்னணியில் நிற்கிறாள். இதைப் 'பெண்களின் பொறாமை' என்று வாசிப்பது பொதுப்புத்தி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குலம் தன் முதலீட்டைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. சக்கரவர்த்தியின் பட்சம் தவறான இடத்துக்குப் போனால், நாளைக்கு ஆட்சி யார் கையில் என்ற கணக்கே தவறிவிடும். கணக்கைத் திருத்துகிறார்கள். கென்ஜிக்கு மூன்று வயதாகும்போது அவள் செத்துப்போகிறாள்.

3

கென்ஜியின் வாழ்க்கையை ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கைக் குறிப்பாக எழுதிப் பார்க்கலாம்.

தாய்வீட்டுப் பலம் இல்லாத இளவரசன். கொரியாவிலிருந்து வந்த ஒரு சாமுத்திரிகா லட்சண நிபுணர், இவன் முகத்தில் அரசக்களை இருக்கிறது, ஆனால் அரசனானால் நாட்டில் குழப்பம் வரும் என்கிறார். தந்தை அவனுக்கு 'மினாமோத்தோ' என்ற குலப்பெயரைக் கொடுத்து அரச வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறார். கென்ஜி என்பதற்கு மினாமோத்தோ குலத்தான் என்றே பொருள். ஆக அவனுடைய பெயரே அவன் இழந்த அரியணையின் பெயர். 12 வயதில் இடது அமைச்சரின் மகள் அவோயுடன் கல்யாணம். வலது அமைச்சர் கோஷ்டிக்கு எதிராக இடது அமைச்சர் கோஷ்டியில் ஒரு இடம் அவனுக்கு இப்படி ஏற்பாடாகிறது.

பிறகு அந்தப் பெரிய மீறல். இறந்துபோன தாயின் சாயல் கொண்டவளென்று அப்பா கொண்டுவந்த இளம் அரசி ஃபுஜித்சுபோவிடம் கென்ஜி உறவுகொள்கிறான். பிறக்கும் குழந்தை சக்கரவர்த்தியின் மகனாகவே வளர்ந்து, பின்னால் ரெய்சேய் என்ற சக்கரவர்த்தியாகிறது. தாய் ஏக்கம், இடிபஸ் சிக்கல் என்று இதைப் படித்துப் பழகிவிட்டோம். அந்தப் படிப்பில் பழுதில்லை. ஆனால் அதன் அரசியல் விளைவைப் பாருங்கள். அரச வரிசையிலிருந்து நீக்கப்பட்டவன் பின்வாசல் வழியாக அந்த வரிசைக்குள் தன் ரத்தத்தை நுழைத்துவிட்டான். ஃபுஜிவாராக்கள் மகளை அனுப்பிச் சாதித்ததை, மகளில்லாத இவன் வேறு வழியில் சாதிக்கிறான்.

தந்தை இறந்ததும் காற்று திரும்புகிறது. கோகிடெனின் மகன் சுசாகு அரியணையில். வலது அமைச்சர் கையில் ஆட்சி. அந்த வேளையில் சுசாகுவின் பிரியத்துக்குரியவளும் கோகிடெனின் தங்கையுமான ஒபோரோசுகியோவுடன் கென்ஜி இருக்கையில், இடிமழைக்குப் பின் வலது அமைச்சரே உள்ளே வந்து பிடித்துவிடுகிறார். எதிரி முகாமின் படுக்கையறையில் சிக்கிய எதிர்க்கட்சிக்காரன்! பதவி பறிபோகிறது, அடுத்தது நாடுகடத்தல் என்று தெரிந்து, 26 வயதில் தானாகவே சுமா கடற்கரைக்குப் போய்விடுகிறான். ஹெய்யான் வாசகர்களுக்கு இது கற்பனையாகப் பட்டிருக்காது. 901இல் சுகவாரா நோ மிச்சிசானே, 969இல் சக்கரவர்த்தியின் மகனாகப் பிறந்து மினாமோத்தோ பெயர் வாங்கிய தகாஅகிரா, 996இல் மிச்சினாகாவின் போட்டியாளன் கொரெச்சிகா எனத் தோற்றவர்கள் தலைநகரிலிருந்து வரிசையாக அனுப்பப்பட்டவர்கள்தான்.

28இல் திரும்பி வருகிறான். ரெய்சேய் அரியணை ஏறுகிறான். இதற்குப் பிறகுதான் கென்ஜியின் அரசியல் மூளையை முழுசாகப் பார்க்கிறோம். முன்பு அவன் அலட்சியப்படுத்திய ரொகுஜோ சீமாட்டி சாகும் தறுவாயில் தன் மகளை அவனிடம் ஒப்படைத்து, அவளை மட்டும் உன் ஆசைப்பட்டியலில் சேர்த்துவிடாதே என்று கேட்டுக்கொள்கிறாள். அவன் வாக்கைக் காப்பாற்றுகிறான். எப்படி? ஃபுஜித்சுபோவும் அவனும் கலந்து பேசி, அந்தப் பெண்ணை, அகிகோனோமுவை, தங்கள் ரகசிய மகனான ரெய்சேய்க்கு அரசியாக அனுப்புகிறார்கள். பதவி துறந்த சுசாகு அவளை விரும்பியது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொள்கிறார்கள். எதிர்ப்பக்கம் கென்ஜியின் பழைய தோழன் தோ நோ சூஜோ தன் மகளை முன்பே அனுப்பிவைத்திருக்கிறான்.

இங்கே வருவதுதான் புகழ்பெற்ற ஓவியப் போட்டி. சிறுவனான சக்கரவர்த்திக்கு ஓவியம் பிடிக்கும். ஆகவே இரண்டு கோஷ்டிகளும் ஓவியங்களைக் குவிக்கின்றன. இரு அணிகளாகப் பெண்கள் உட்கார்ந்து படங்களை முன்வைத்து வாதாடுகிறார்கள். கடைசியில் கென்ஜி, சுமாவில் தனிமையில் தான் வரைந்த படங்களை எடுத்துவைக்கிறான். சபையே கண்கலங்குகிறது. அவன் அணி ஜெயிக்கிறது. பிறகு அகிகோனோமு பட்டத்தரசியாகிறாள். ஜப்பானிய அழகியலின் உச்சம் என்று மேற்கோள் காட்டப்படும் இந்த அத்தியாயத்தை நான் ஒரு தேர்தலாகவே படிக்கிறேன். தன் துயரத்தை, தன் தண்டனைக் காலத்தை, அவன் வாக்குகளாக மாற்றுகிறான். சிறை சென்ற தலைவர்கள் அதை மேடையில் எடுத்துவைக்கும் நேர்த்தியை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை. அந்தத் துயரம் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையாக இருந்ததால்தான் செல்லுபடியாயிற்று.

4

இவ்வளவு அரசியல் இருந்தும் ஏன் இதைக் காதல் கதை என்கிறோம்? காரணம் கதைசொல்லியிடமே இருக்கிறது. மரணப்படுக்கையில் கென்ஜியின் தந்தை ராஜ்ய விஷயங்களைப் பற்றி நிறையச் சொன்னதாக வரும் இடத்தில் கதைசொல்லி குறுக்கிட்டு, இதெல்லாம் பெண்கள் எடுத்துச் சொல்லத் தக்கதல்ல, இவ்வளவு சொன்னதே கூச்சமாக இருக்கிறது என்ற தொனியில் ஒதுங்கிக்கொள்கிறாள். இந்த ஒதுங்கலைப் பணிவு என்று எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். ராஜ்ய விஷயங்கள் சீனமொழியில் ஆண்கள் எழுதும் ஆவணங்களுக்குரியவை. அதை அவர்களிடமே விட்டுவிட்டு, 'பெண் கை' என்றழைக்கப்பட்ட எழுத்தில் இவர் அறைகளைப் பற்றி எழுதுகிறார். ஆனால் ராஜ்யமே அறைகளில்தான் நடக்கிறது. விலக்கப்பட்டதைச் சொல்லமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே 54 அத்தியாயங்களில் அதைத் தவிர வேறெதையும் சொல்லாத ஒரு பிரதி இது.

எழுதியவரின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாகாண ஆளுநர் வர்க்கத்தைச் சேர்ந்தவர்; அப்பா எச்சிசென் மாகாண ஆளுநராக இருந்தவர். சம்பளம் கொடுத்தவன் மிச்சினாகா. 1008இல் ஷோஷியின் அறையில் இக்கதையின் பிரதிகள் தயாரானதையும், தன் அறையில் வைத்திருந்த கையெழுத்துப் பிரதியை மிச்சினாகா வந்து எடுத்துப்போய் இன்னொரு மகளுக்குக் கொடுத்துவிட்டதையும் அவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சக்கரவர்த்தியை ஒரு மகளின் அறைக்கு ஈர்த்துவைக்கப் படங்களும் கதைகளும் தேவைப்பட்ட காலம் அது. கதைக்குள் நடக்கும் ஓவியப் போட்டியில் ஓவியம் என்னவோ, வெளியே மிச்சினாகாவின் அரசியலில் இந்தக் கதையும் அதுதான். தன் எழுத்து எதற்குப் பயன்படுகிறது என்பது தெரிந்தே எழுதியவர்.

18ஆம் நூற்றாண்டில் மோத்தூரி நோரினாகா, பௌத்த, கன்பூசிய நீதிப் படிப்புகளிலிருந்து இக்கதையை விடுவித்து, நெஞ்சை நெகிழவைக்கும் 'மொனோ நோ அவாரே'யின் காவியமாக முன்வைத்தார். பெரிய விடுதலைதான். ஆனால் நெகிழ்ச்சி என்ற சொல் அதிகாரத்தின்மீது விழுந்த திரையாகவும் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், திரைக்குப் பின்னால் இருப்பதை ஜப்பானிய அரசு மறக்கவே இல்லை. 1933இல் இக்கதையை மேடையேற்ற முயன்றபோது தோக்கியோ போலீஸ் தடை செய்தது. 1939 முதல் 1941 வரை தனிசாகி ஜுனிச்சிரோவின் நவீன ஜப்பானிய வடிவம் வெளிவந்தபோது, ஃபுஜித்சுபோ உறவும் ரெய்சேயின் பிறப்பும் அதில் நீக்கப்பட்டிருந்தன. தெய்வீக வம்சாவளியின் பெயரால் போர் நடத்திக்கொண்டிருந்த ஒரு அரசு, அந்த வம்சாவளியில் ஒரு கள்ளப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைத் தாங்கவில்லை. யுத்தம் முடிந்தபின், 1951க்குப் பிறகு வந்த இரண்டாம் வடிவத்தில்தான் அவை திரும்பி வந்தன. 'வெறும் காதல் கதை' என்று நாம் சொன்னதை அரசியல் என்று சரியாக வாசித்தவர்கள் தணிக்கைக்காரர்கள்!

5

35 வயதில் கென்ஜி ரொகுஜோ மாளிகையைக் கட்டிமுடிக்கிறான். நான்கு தெருக்கட்டுப் பரப்பு. ஏறக்குறைய 250 மீட்டர் சதுரம். தென்கிழக்கில் வசந்தம், வடகிழக்கில் கோடை, தென்மேற்கில் இலையுதிர்காலம், வடமேற்கில் குளிர்காலம் என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தோட்டம், ஒரு பெண். சாமானியனாக்கப்பட்டவன் தனக்கென்று ஒரு அரண்மனையை, காலத்தையே வட்டமாக அடுக்கி, உண்டாக்கிக்கொள்கிறான். அவனால் கைவிடப்பட்ட பெண் என்று யாருமில்லை. அழகில்லாதவளுக்கும் அரிசி போகிறது, துணி போகிறது, கூரை ஒழுகினால் ஆள் போகிறது. கென்ஜியின் ரசிகர்கள் எப்போதும் இதைத்தான் காட்டுவார்கள்: பார், எவ்வளவு பொறுப்பானவன்!

அதிகாரம் ஒடுக்குவதால் மட்டுமல்ல, பராமரிப்பதாலும் இயங்குகிறது என்று ஃபூக்கோவின் வழியாகப் பேசிப் பழகியவர்கள் நாம். அதை இங்கே அருகிலிருந்து பார்க்கலாம். அகாஷியில் அவனுக்குப் பிறந்த பெண்குழந்தை எதிர்காலப் பட்டத்தரசி. ஆனால் தாய் ஒரு முன்னாள் ஆளுநரின் மகள், அந்தஸ்து போதாது. ஆகவே மூன்று வயதில் குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்து, முராசாகியின் கையில் கொடுத்து வளர்க்கிறான். கனிவோடு எடுக்கிறான், தானும் அழுகிறான். எழுதியவரின் சொந்த வர்க்கத்தைச் சேர்ந்தவள் அந்தத் தாய் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். வண்டியில் ஏறிய குழந்தை, தாயையும் ஏறச்சொல்லி அவள் சட்டைக்கையைப் பிடித்து இழுக்கிறது. குழந்தைக்கு ராஜதந்திரம் தெரியாது.

வளர்க்கும் முராசாகியும் அப்படி எடுத்து வரப்பட்டவள்தான். பத்து வயதுவாக்கில் பாட்டியிடம் இருந்த சிறுமியைக் கண்டு, பாட்டி இறந்ததும், தகப்பன் அழைத்துப்போக வருமுன் இரவோடிரவாகத் தூக்கி வந்து, தன் விருப்பப்படி வளர்த்து, அவள் மனசைக் கேட்காமலே மனைவியாக்கிக்கொள்கிறான். பிற்பாடு அவன் வாழ்க்கையின் ஆதாரமே அவள்தான். ஆனால் 40 வயதில், சுசாகுவின் மகளான மூன்றாம் இளவரசி என்ற சிறுபெண்ணை முறைப்படி மணக்கச் சம்மதிக்கிறான். ஓய்வுபெற்ற சக்கரவர்த்திக்கு நிகரான பட்டம் வாங்கியவனுக்கு ஒரு இளவரசி குறைச்சலாக இருந்திருக்கிறது போலும். ஒரே கையெழுத்தில் முராசாகியின் இத்தனை வருஷத்து இடம் ஆட்டம்கண்டுவிடுகிறது. அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசுவதில்லை. புதுப்பெண்ணிடம் போகும் கணவனின் உடைக்கு வாசனைப்புகை போட்டு அனுப்புகிறாள்.

பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்கிறாள்: முடியைக் கத்தரித்துத் துறவியாக அனுமதி. இந்தக் கதை முழுக்கப் பெண்கள் இதைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஃபுஜித்சுபோ துறவு பூண்டு கென்ஜியின் துரத்தலிலிருந்து தப்புகிறாள். அதற்குப் பிறகுதான் அவனோடு சமமாக உட்கார்ந்து ராஜ்ய விஷயம் பேச அவளால் முடிகிறது. ஒபோரோசுகியோ துறவியாகிறாள். மூன்றாம் இளவரசி, வேறொருவனின் குழந்தையைப் பெற்ற பிறகு, தன் தகப்பன் கையாலேயே துறவு வாங்கிக்கொள்கிறாள். கென்ஜியின் ஆட்சேபம் செல்லவில்லை. கருப்பை அரசு இயந்திரமாக இருக்கும் இடத்தில், முடியைக் கத்தரிப்பது பக்தி மட்டுமல்ல, ராஜினாமா. பெண்ணுக்கு அங்கே இருக்கும் ஒரே ராஜினாமா.

முராசாகிக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் கென்ஜி மறுக்கிறான்: நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேன்? வெறுத்தவர்களையும் அலுத்தவர்களையும் விட்டவன், நேசித்தவளை விடவில்லை. அவள் செத்த பிறகு, இப்போதாவது அவள் ஆசைப்படி முடியைக் கத்தரித்துவிடலாமா என்று மகன் யூகிரியிடம் கேட்கிறான். உயிர் போனபின் கத்தரித்து என்ன பலன் என்கிறான் மகன். இந்த ஒரு இடத்துக்காகவே நான் இக்கதையை நம் இயக்கத்து நண்பர்களிடம் கொடுப்பேன். கொடுமைக்காரனிடம் எப்படி மறுப்பது என்று நமக்குக் கொஞ்சமாவது தெரியும். அதற்குக் கோஷம் இருக்கிறது, மனு இருக்கிறது. உண்மையாகவே அன்பு வைத்திருக்கிற அதிகாரத்திடம் எப்படி ராஜினாமா கொடுப்பது? குடும்பத்தில், கட்சியில், ஏன், நம் பத்திரிகைக் குழுக்களில்கூட, 'நீ போனால் நான் உடைந்துவிடுவேன்' என்ற வாக்கியம் எத்தனை பேரை உட்காரவைத்திருக்கிறது!

வேலியின் மொழிபெயர்ப்பில் ஒரு அத்தியாயம் முழுசாக விடுபட்டிருக்கிறது: 38ஆவது. துறவியான மூன்றாம் இளவரசியின் முற்றத்தில் கென்ஜி பூச்சிகளை விட்டு அவற்றின் ரீங்காரம் கேட்க வந்து உட்காருவதும், தாயின் ஆவி கரையேறத் தானும் துறவியாக வேண்டும் என்று கேட்கும் அகிகோனோமுவை அவன் தடுத்துவிடுவதும் அதில்தான் வருகின்றன. கதை நகராத அத்தியாயம் என்று தோன்றும். கதை நகராததே அங்கே விஷயம். நகரவிடாமல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

இப்படி வாசிப்பது காலமுரண் என்று சொல்லப்படும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பெண்ணிடம் இன்றைய பெண்ணியத்தைத் தேடலாமா? நான் பெண்ணியத்தைத் தேடவில்லை. யார் கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற கணக்கை மட்டும் பார்க்கிறேன். அந்தக் கணக்கை எழுதிவைத்தவர் அவர்.

6

கென்ஜியின் மரணம் கதையில் இல்லை. முராசாகி போனபின் ஒரு வருஷம், பழைய கடிதங்களை எரிக்கிறான். அதன் பிறகு, 'மேகத்துள் மறைதல்' என்ற தலைப்பு மட்டும் மரபில் சொல்லப்படுகிறது. அதன்கீழ் ஒரு வரிகூட இல்லை. அடுத்த அத்தியாயம் திறக்கும்போது அவன் இறந்து வருஷங்கள் ஓடிவிட்டன. எந்தப் பெண் எந்தக் கட்டில் செத்தாள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்ன பிரதி, நாயகனின் சாவை ஒரு காலிப் பக்கத்தில் முடித்துக்கொள்கிறது. அரசாங்க வரலாறு இதை நேர்மாறாகத்தான் செய்யும்.

கடைசிப் பத்து அத்தியாயங்கள் ஊஜியில் நடக்கின்றன. கென்ஜியின் மகனாக ஊரறிந்த கவோருவும், அவன் பேரன் நியோவும் உகிஃபுனே என்ற பெண்ணைப் பங்குபோட்டுக்கொள்ள, அவள் ஆற்றில் விழுந்து சாகப்போய், துறவிகளால் காப்பாற்றப்பட்டு, வற்புறுத்தி முடியைக் கத்தரித்துக்கொள்கிறாள். அவள் உயிரோடு இருப்பது தெரிந்து கவோரு அவளுடைய தம்பியிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறான். அவள் வாங்கவில்லை. ஆள் மாறிவந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லித் திரும்பிக்கொள்கிறாள். பையன் வெறுங்கையோடு திரும்புகிறான். கவோரு யோசிக்கிறான்: வேறு எவனாவது ஒருத்தன் அவளை அங்கே ஒளித்துவைத்திருக்கிறானோ?

கதை அங்கே நின்றுவிடுகிறது. முடிந்ததா, அறுந்ததா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு முடிந்தது என்றே படுகிறது. ஒரு பெண் வேண்டாம் என்கிறாள். கென்ஜி விட்டுச்சென்ற உலகத்தில் பழகிய ஒருவனுக்கு, அந்த வேண்டாமுக்குப் பின்னால் இன்னொரு ஆண் இருந்தாக வேண்டும். அவள் மட்டுமே அங்கே இருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.